அவளுக்கு ஒன்பது தொட்டி, எனக்கு நான்கு

அக்டோபர் 14, செவ்வாய்

ஆறு மாதமாக மேலதிகாரியை நச்சரித்து நிவாரணக் குழுவில் இடம் வாங்கியது நான். இன்று பட்டியல் ஒட்டினார்கள். என் பெயருக்குக் கீழேயே குட்டியின் பெயர்.

குட்டி என் நாத்தனார். வீட்டில் அடுத்த அறை, குடிநீர் ஆய்வகத்தில் அடுத்த மேசை, இனி வெள்ளத்திலும் கூடவே. "நீங்க போறீங்கன்னுதான் அண்ணி நானும் எழுதிக் கொடுத்தேன்" என்று கட்டிக்கொள்கிறாள். கேட்டேனா நான்?

மாமியார் அவளுக்குப் புது மழைக்கோட்டு வாங்கி வந்தார். எனக்கு என் வீட்டுக்காரருடைய பழசு, ஜிப் போனது. "நீ தெம்பானவ, சமாளிச்சுக்குவ." தெம்பானவளாம்!

அக்டோபர் 15, புதன்

லாரியில் ஏழு மணி நேரம். ஒரு பாலத்துக்குப் பிறகு சாலையே இல்லை. கூரைகள் மட்டும் தெரிந்தன. ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரோ வரப்போவதைப் போல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்ததும் பயிற்சியும் ஒன்று, இது வேறு.

வாந்தியும் எடுத்தேன். குட்டி தலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் எரிச்சல்தான் வந்தது. இறங்குவதற்குள் டிரைவர் அவளை "தங்கச்சி" என்கிறார். என்னை "மேடம்".

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைமணி. தொட்டித் தண்ணீரில் குளோரின் போட்டால் அரைமணி நேரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும் என்பதை மூச்சுக்கு மூச்சு சொல்கிறார். "சேறு கலந்த தண்ணி குளோரினைத் தின்னுடும்மா. போட்ட உடனே சோதனை மாத்திரையைப் போட்டுப் பார்த்தா, குளோரின் இருக்குன்னு ரோஸ் கலர் வரும். அதை நம்பிடாதீங்க. அரைமணி கழிச்சும் கலர் நிக்கணும், அப்பதான் குடிக்கக் கொடுக்கணும்."

அக்டோபர் 16, வியாழன்

நான் நான்கு தொட்டி. அவள் ஒன்பது.

காலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ஒவ்வொரு தொட்டியிலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, ஜனங்கள் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று முறைக்க — நான்கு. அவளுக்கு எப்படி ஒன்பது? இரண்டு கால்தானே அவளுக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். மாமியார் போனில், "தெரு முழுக்கக் காட்டிட்டேன் அவ போட்டோவை. ஆமா, நீயும் அங்கதான இருக்க?"

ஆமாம். இங்கேதான் இருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எப்படி ஒன்பது என்று இன்று தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் இருநூறு பேர் தங்கியிருக்கிறார்கள். நான் எதிர்த் திண்டில் பெட்டியை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வாசல் தொட்டியில் குட்டி குளோரினை ஊற்றினாள், கலக்கினாள், உடனே சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மாத்திரையைப் போட்டாள். ரோஸ் வந்தது. "ரெடி, பிடிச்சுக்கோங்க!" குடங்களும் வாளிகளும் முண்டியடித்தன. ஒரு அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள்.

இருபதடி தூரம். கூப்பிட்டால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

சாயங்காலம் அரைமணி மறுசோதனைக்கு வருவார், மாட்டுவாள், நாலு பேர் முன்னால் திட்டு வாங்குவாள் — நன்றாக வாங்கட்டும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கு. ஆனால் நினைத்தேன்.

படகு பழுது. அவர் வரவில்லை.

அக்டோபர் 18, சனி

இன்றும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் பதினாலு பேருக்கு வயித்துப்போக்கு. அதுல ஒண்ணு எட்டு மாசக் குழந்தை. கண்ணு உள்ள போயிருக்கு. படகுல தூக்கிட்டுப் போறப்ப அந்தத் தாய் அழக்கூட இல்லை, வாயைத் துணியால பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா. கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே.

அரைமணி எல்லோரையும் நிற்க வைத்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் குட்டி முன்னால் வந்துவிட்டாள். "நான்தான் சார். வரிசையில நிக்கறவங்களைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. காத்திருக்கல." நாளை லாரியில் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்.

பிறகு என்னிடம் வந்தார். "நாலு தொட்டின்னாலும் நீதான்மா உருப்படியா செஞ்சிருக்க. பள்ளிக்கூடத்தை இனி நீ பார்த்துக்க." இந்தச் சொல்லுக்குத்தானே இத்தனை நாள் அலைந்தேன்?

குட்டி என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க பக்கத்துல இருந்திருந்தா தடுத்திருப்பீங்கல்ல, அண்ணி?"

அக்டோபர் 20, திங்கள்

சொல்லிவிட்டேன். விடிந்ததும், அரைமணியையும் குட்டியையும் நிற்க வைத்து. பார்த்தேன், தெரிந்தது, வேண்டுமென்றே சும்மா இருந்தேன் என்று.

அரைமணி கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. "அவ அவசரப்பட்டா. அவளுக்குக் கத்துக்கொடுத்துடலாம். உனக்கு நான் என்னத்தைக் கத்துக்கொடுக்கிறது?" என்றார். எனக்கும் அதே லாரி.

குழந்தை பால் குடிப்பதாக நர்ஸ் ஓடி வந்து சொன்னாள். மற்றவர்களும் தேறிவருகிறார்கள்.

குட்டி டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் காலி டின்களோடு. ஏழு மணி நேரத்தில் அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

வேறொரு ஆற்றில் வெள்ளம். பட்டியலில் குட்டி மட்டும்.

ஒன்றரை மாதமாக அவள் என்னிடம் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அவள் அம்மா வழியாகத்தான். ஆனால் அங்கே நடந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. "அண்ணியும் நாத்தனாரும்னா அப்படித்தான் முட்டிக்கும்" என்று சிரிக்கிறார்.

காலையில் பையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பொறாமையா இருக்கா, அண்ணி?"

இல்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "இருக்கு" என்றேன். "ரொம்ப இருக்கு."

பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"இந்தத் தடவையாவது வாயைத் திறந்தீங்களே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.