சோற்றுப் பானைக்குப் பின்னால் உம்மா

2010 ஏப்ரல், சனி இரவு

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். ஆற்றங்கரையில், விடுமுறைக்கு வருவோர் கூடாரம் அடித்துத் தங்கும் பிரதேச சபை மைதானத்தில், எங்கள் கூடார வாசலில் இருந்து எழுதுகிறேன்.

இங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் வாப்பா பானையை ஆற்றில் கழுவினார். அது கை நழுவி மிதந்து போய்விட்டது. நாங்கள் கொண்டுவந்ததே அந்த ஒரு பானைதான்.

"இனி ராவைக்கு என்னத்தத் திங்கிற? வீட்ட போவம்," என்றார் வாப்பா.

கூடாரத்தில் தங்க வாப்பாவிடம் மாதக்கணக்காகக் கெஞ்சி வாங்கிய இரவு இது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் உம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றில் பாய்ந்தார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து எங்களைக் கடற்கரைப் பக்கமே விடாத உம்மா! தண்ணீர் என்றாலே அவருக்குப் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தாரா வாத்தைப் போல நீந்திப் போய், பானையை முன்னால் தள்ளிக்கொண்டு திரும்பினார்.

"ஒனக்கு நீந்தத் தெரியுமாகா?" வாப்பா வாய் பிளந்து நின்றார்.

"எங்கட இறக்காமத்துக் குளத்துல நீந்தாத பொம்புளப்புள்ள யாரு? கலியாணம் முடிச்சி இத்தின வருசம், கேட்டீங்களா?"

"சரி, பானையத் தா."

"இந்தாங்க. இனி அடுப்பையும் நீங்களே மூட்டுங்க."

உம்மா கரையேறவில்லை. "வா மகள், நான் புடிச்சிருக்கன்," என்று என்னைக் கூப்பிட்டார். அவருடைய கை என் முதுகுக்குக் கீழே இருக்க, வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தேன். பிறகு ஏன் கடலுக்கு மட்டும் எங்களை விடுவதில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நாளைக் காலையில் நான் மிதக்கும்போது கையை எடுத்துவிடுவாராம். அதை நினைத்தால் நித்திரையே வரவில்லை. மைதானத்துக் காவல்கார நானா விளக்கை அணைத்துவிட்டார்.