உருளைக்கிழங்கை வட்டமாய் நட்டவருக்கு

நேற்று என் பழைய வேனை விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் பொயிண்ட் குக்கில் எங்கள் பின்தெருவில் இருக்கும் கோயம்புத்தூர்த் தம்பி. முன் சீற்றில் ஏறி இருந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இதுல குதிரை ஏதும் ஏத்துனீங்களா?"

"குதிரை இல்லைத் தம்பி. குதிரைக்காரர்."

அவர் சிரித்தார். நான் விளக்கம் சொல்லவில்லை. வைக்கோலும் குதிரை வியர்வையும் சேர்ந்து ஊறிய அந்த மணத்தைப் போக்க நானும் பெரிதாய் முயன்றதில்லை. வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தபோது, நீங்கள் இரண்டாம் தரம் போய்விட்டது போல் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பேசியதெல்லாம் இங்கிலீசு. என் நினைவில் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மின்சார வேலை செய்பவன். பல்லாரட் நகரத்துக்கும் அப்பால் ஒரு பண்ணை வீட்டுக்கு வயர் இழுக்கப் புறப்பட்டு, வழி தவறி உங்கள் வாசல் படலைக்குள் வந்து நின்றேன். வைக்கோல் தொப்பியும் மார்பு வரை தாடியும், மீசை மட்டும் மழித்த முகமுமாய் வந்தீர்கள். மின்சாரமும் காரும் வேண்டாமென்று பழைய முறையில் குதிரை பூட்டி உழுது கமம் செய்து வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் நீங்கள் என்பதும், அமெரிக்காவிலிருந்து வந்து ஐந்தாறு குடும்பங்களாய் அங்கே இருக்கிறீர்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. என் கையிலிருந்த வயர்ச் சுருளைப் பார்த்தீர்கள்.

"வாரும், வாரும். இந்தப் பகுதியிலேயே உமக்கு வேலை இல்லாத ஒரே வீட்டைச் சரியாய்த் தேடிப் பிடிச்சிருக்கிறீர். சாப்பாடு மட்டும் இருக்கு, வாரும்."

அன்று தொடங்கி என் பெயர் உங்களுக்கு 'மிஸ்டர் கறண்ட்'. நான் மரியாதைக்கு அங்கிள் என்றபோது, "நான் உம்மடை அப்பாவின்ரை தம்பியோ?" என்று கேட்டு அந்த வழக்கத்தை வெட்டிவிட்டீர்கள்.

உங்கள் ஆட்களுக்கே நீங்கள் ஒரு புதினமான பிறவி. உங்கள் துணி துவைக்கும் பீப்பாய் ஓர் ஆடு நடந்தால்தான் சுழலும். நீங்கள் பாடினால்தான் ஆடு நடக்கும். பால் கறக்க முன் ஒவ்வொரு மாட்டிடமும் அனுமதி கேட்பீர்கள். உருளைக்கிழங்கை நேர்வரிசையில் நடமாட்டீர்கள், நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி நடுவீர்கள். "நேர்கோடு பெருமை பிடிச்ச ஆக்களின்ரை வேலை" என்பீர்கள். சபை மூத்தவர்கள் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்களாம். எந்தச் சட்டத்திலும் கிழங்கைப் பற்றி ஒன்றும் இல்லாததால் பேசாமல் திரும்பிப் போனார்களாம்.

வீட்டுக்குள் போன் வைக்க உங்களுக்கு அனுமதியில்லை. ஊருக்குப் பொதுவாய் ஒரு போன், வீதியோரத்தில் கக்கூசு அளவு மரக்கூட்டுக்குள் இருந்தது. ஒருநாள் அதிலிருந்து, நான் தூரத்தில் இருக்கிறேன் என்பதற்காக உரக்கக் கத்தினீர்கள்.

"மிஸ்டர் கறண்ட்! எனக்கு ஒரு பொம்பிளை கேக்கப் போகவேணும். எனக்குக் கார் வைச்சிருக்கத்தான் தடை. ஏறியிருக்கத் தடையில்லை!"

உங்கள் மனைவி காலமாகிப் பல வருடம். சிட்னிக்கும் வடக்கே, உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு விதவை தனியாய் மாட்டுப் பண்ணை நடத்துகிறா என்று கேள்விப்பட்டிருந்தீர்கள். விமானம் கூடாது. நான் லீவு போட்டேன். நீங்கள் ஒரு சாக்குக் கிழங்கும் பெட்டிக்குள் இரண்டு கோழியுமாய் வேனில் ஏறினீர்கள்.

வழிகாட்டும் கருவியில் பெண் குரல் வந்ததும் திடுக்கிட்டீர்கள். "ஆர் இவ? எங்கை இருக்கிறா?" பிறகு அவள் வலப்பக்கம் திரும்பச் சொல்லும்போதெல்லாம் தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னீர்கள். நான் திருப்பங்களை விட்டுவிட, அவள் பொறுமையாய் வேறு வழி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஒருக்காலும் கோவிக்கேல்லைப் பாரும். இவ கலியாணம் முடிச்சவவோ?"

இரவு சிட்னியில், வெஸ்ட்மீட்டில் என் அக்கா வீட்டில் தங்கினோம். ஆஸ்பத்திரியில் தாதியாய் இருப்பவ. எவருக்கும் பயப்படாதவ. உங்களுக்கு இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தா.

"தாடி இருக்கு, மீசை எங்கை?"

"மீசை பட்டாளக்காரன்ரை அடையாளம். நாங்கள் சண்டைக்குப் போறேல்லை."

"அப்ப கலியாணம் மட்டும் ஏன் கட்டப் போறீங்கள்?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் சொதி புரைக்கேறியது. காலையில் அக்கா ஒரு தட்டில் பயத்தம் பணியாரமும் வாழைப்பழமும் அடுக்கித் தந்தா. பொம்பிளை கேட்கப் போகிறவன் கோழியோடு போய் நிற்பதா என்பது அவவின் கவலை.

அந்தப் பண்ணைக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. நான் படலையடியில் வேனோடு நின்றேன். தட்டு ஒரு கையிலும் கோழிப்பெட்டி மறு கையிலுமாய் உள்ளே போன நீங்கள், நான் தேத்தண்ணீர் குடித்து முடிக்க முன் வெறுங்கையோடு வந்துவிட்டீர்கள்.

"கோழியை எடுத்துக்கொண்டு என்னை அனுப்பிப்போட்டா."

உங்கள் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொல்லி உங்கள் பக்கம் பிடித்தேன்.

"என்ன சொல்லிக் கேட்டனீங்கள்?" என்றா அக்கா.

"மாடு கறக்க வேணும், தோட்டம் இருக்கு, குசினி பெரிசு, கூரை ஒழுகாது எண்டு சொன்னனான்."

"நீங்கள் பொம்பிளை கேக்கப் போனனீங்களோ, வேலைக்கு ஆள் பிடிக்கப் போனனீங்களோ?"

நீங்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தீர்கள்.

"சரி, முதல் மனுசியை எப்பிடிக் கேட்டனீங்கள்?"

"அவதான் என்னைக் கேட்டவ."

 அக்கா வேறு குரலில், நோயாளிகளோடு பேசும் குரலில், கேட்டா.

"பயமாயிருக்கோ?"

"ஓம்."

"தனிய இருக்கேலாமலோ வந்தனீங்கள்?"

"ஓம். ஆட்டோடை எவ்வளவு நேரந்தான் கதைக்கிறது?"

"அதைப் போய்ச் சொல்லுங்கோ. குசினியை விடுங்கோ."

நீங்கள் திரும்பவும் போனீர்கள். வெயில் சாய்ந்தது. ஏதும் நடந்துவிட்டதோ என்று நான் இறங்கிப் போகப் பார்த்தபோது, மாட்டுக் கொட்டிலிலிருந்து இருவரும் வந்தீர்கள். உங்கள் முழங்கால் வரை சாணி. அவ என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நீர்தானோ கறண்ட்? இந்த மனுசனைப் பத்திரமாய்க் கொண்டுபோய் விடும். எனக்கு இனித் தேவைப்படும்."

திரும்பி வரும்போது, சிட்னிக்குள் பரமட்டா வரை தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தீர்கள். அங்கே சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னீர்கள்: "கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டு நிண்டனான். மாடெல்லாம் கறந்து முடியுமட்டும் அவ ஒண்டும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. என்ரை சீவியத்திலை செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுதான்."

அவ ஒரு நிபந்தனை போட்டுத்தான் உங்கள் பண்ணைக்கு வந்தா: கிழங்கு நேர்வரிசையில் நடப்பட வேண்டும். நீங்கள் நட்டீர்கள். அதைப் பார்க்கவே அயலவர்கள் குதிரை வண்டியில் வந்து போனார்கள். கொட்டிலுக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்னப் பாத்தியில் திருட்டுத்தனமாய் வட்டமாய் நட்டு வைத்திருந்தீர்கள். அவவுக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லையே?

போன மாரியில் அந்த மரக்கூட்டிலிருந்து போன் வந்தது. இந்த முறை கத்தல் இல்லை, அவவின் குரல்.

"அவர் போயிட்டார். நீர் வாரும். வாகனம் தேவையில்லை, குதிரை இருக்கு. தூக்கிறதுக்கு நீர் வேணும்."

உங்கள் ஆட்களே பலகை அறுத்துச் செய்த பெட்டியை ஐந்து தொப்பிக்காரரோடு ஆறாவது ஆளாய் நான் தூக்கினேன். உங்கள் வழக்கத்தில் இறந்தவரைப் புகழ்வதில்லையாம். எங்கள் பக்கத்தில் என்றால் மைக் பிடிக்கவே வரிசை நிற்கும். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. மண்வெட்டியை வாங்கிக் குழியை மூடினேன். இங்கேயும் நான் உங்களைப் புகழவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் தமிழில் எது கேட்டாலும் 'ஐ ஆம் ஃபைன்' என்று முடித்துவிடுவாள். அவள் பதில் சொல்ல முன் நானே நாலு புத்திமதி சொல்லி முடித்திருப்பேன் என்பதும் உண்மை. போன கிழமை அவள் முகம் சரியில்லை. குசினியில் சோறு வைத்துக்கொண்டிருந்த நான், "என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாக்கு துடித்தது. உலை கொதித்தது. நான் அசையவில்லை.

கனநேரத்துக்குப் பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இங்கிலீசில் தொடங்கி, நடுவில் அழுது, தமிழில் முடித்தாள். அன்றைக்குச் சோறு குழைந்து களியாகிவிட்டது. இருவரும் அதை வழித்துச் சாப்பிட்டோம்.