அவர்கள் காட்டாத ஒரு மணி நேரம்

என் செல்ல மகளே,

டிவி சமையல் போட்டியின் விளம்பரத்தை உன் ஹாஸ்டலில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாமே. கழுத்தில் பாசிமணியும் கையில் மூங்கில் கூடையுமாக நான் அழுகிறேனே, அது. பச்சைமலைப் பழங்குடியில் பிறந்தவள் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பதினெட்டு வருஷமாகத் திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன், அது வரவில்லை. வெங்காயம் நறுக்கியபோது வந்த கண்ணீர்தான் வந்தது.

அவர்கள் காட்டாதது இன்னொன்று உண்டு. எனக்குப் பக்கத்து அடுப்பில் சமைத்தவர் ஸ்ரீரங்கத்து வேதவல்லி மாமி. "நான் செஞ்ச சாமைச் சோறு சாப்பிடுவீங்களா?" என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதுவரைக்கும் வெளியில சாப்பிட்டதில்லைம்மா. ஏன்னு என்னை யாரும் கேட்டதும் இல்லை."

ஒரு மணி நேரம் பேசினோம். இரண்டு பேருக்கும் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

டைரக்டர் வந்து, "இது போரடிக்குதுங்க. அவங்க தட்டைத் தள்ளிவிடட்டும், நீங்க அழுங்க" என்றார்.

"முடியாதுங்க" என்று சொல்லி, அவர்கள் மாட்டிவிட்ட பாசிமணியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாமியும் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

விளம்பரத்தைப் பார்த்தவர்கள் கேலி செய்வார்கள், வெள்ளிக்கிழமை உன் காலேஜில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வருவேன். யார் கேட்டாலும் என் ஊரைச் சத்தமாகவே சொல்வேன். பக்கத்தில் வந்து நிற்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்.

உன் அம்மா