பாதியில் நின்ற கொடி

அறிவாளி அப்பாவுக்கு,

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய எங்களை ஏற்றிக்கொண்டு லாரி, ஊர் வழக்கப்படி, வீடுவீடாக விருந்துக்கு வந்த அன்று, காலையிலேயே ட்ரோல்ஸ் அண்ணனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். "வர்ற பசங்க முன்னாடி அந்த மண்டு எதையாவது உளறி வெச்சா மானம் போயிடும்" என்றீர்கள்.

இங்கே எல்லோரும் செய்வதுபோல் நம் வீட்டுப் பிறந்தநாள்களுக்கெல்லாம் தோட்டத்தில் தேசியக் கொடி ஏற்றியது அந்த மண்டுதான். ஒருநாளும் கயிறு சிக்கியதில்லை. அன்று நீங்களே ஏற்றினீர்கள். இரண்டு பட்டம் வாங்கிய கை. கொடி பாதிக் கம்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அப்படிப் பறந்தால் சாவு வீடு என்று குழந்தைக்கும் தெரியும்.

லாரி நம் தெருவில் திரும்பியதும் பாட்டு நின்றது. இறங்கித் தோட்டத்துக்குள் வந்ததும் என் தோழி சிக்னே மெதுவாகக் கேட்டாள்: "உங்க வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களாடி?"

"எங்க அண்ணன்" என்றேன்.

"உனக்கு அண்ணன் இருந்தாரா?"

பக்கத்தில்தான் கயிற்றோடு நின்றீர்கள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். "வாங்க, கேக் சாப்பிடலாம்" என்றீர்கள்.

நான் இப்போது அவனோடுதான் இருக்கிறேன். கொடி இன்னும் அப்படியே தொங்குகிறதாம். தொங்கட்டும். அதை இறக்கத் தெரிந்தவன்தான் செத்துவிட்டானே.

இப்படிக்கு,
ஊருக்கு நீங்கள் காட்டும் ஒரே பிள்ளை