தட்டையாக வைத்த வளையம்

2024 ஜூலை 9, செவ்வாய்

அண்ணனூரில் இறங்கி வீடு சேர ஆறரை. வகுப்பில் பாடம் நடத்தியதைத் தவிர இன்று யாரோடும் பேசவில்லை. நாற்பத்தொரு வயதில் பகுதிநேரப் பிஎச்.டி., அதுவும் ஆறாவது வருடம். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. ஆர்.என்.ஏ.வில் இருக்கும் யுராசில் வளையத்தோடு ஹைட்ரஜன் சேர்ந்தால் எவ்வளவு வெப்பம் வெளிவரும்? நான் கணினியில் கணக்கிட்டேன். என்னோடு ஆய்வு செய்த ஜமீர் இரண்டு பொருளையும் கலோரிமீட்டரில் எரித்து வெப்பத்தை அளந்தான்.

அவன் பெயரை எழுதி எவ்வளவு நாளாயிற்று.

ஜூலை 12

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அத்தியாயத்துக்குப் படம் வரையப் பழைய கோப்பைத் திறந்தேன். ஹைட்ரஜன் சேர்ந்த பிறகும் வளையம் தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு போனபின் அந்தக் கார்பன்கள் ஒரே தளத்தில் நிற்காது. வளையம் மடங்க வேண்டும். சமச்சீர் இருக்கட்டும் என்று நான் கொடுத்த கட்டளை அதை மடங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

கட்டளையை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். மாலைக்குள் வளையம் மடங்கியது. வெளிவரும் வெப்பம் கூடியது. ஜமீர் அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவன் சரி. நான்தான் தப்பு.

ஜூலை 15

இதையும் எழுதிவிடுகிறேன். பழைய விடையிலேயே, அதிர்வெண் பட்டியலில் ஒரு எண் எதிர்க்குறியோடு இருக்கிறது. வடிவம் சரியில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்று வருடம் முன்னால் அதை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். சின்ன எண்தானே என்று விட்டேன். கைடு என் எண்ணை நம்பி, பொடியை அழுத்திய வில்லையை ஈரத்தோடு எரித்திருப்பாய் என்று ஜமீரிடம் எல்லார் முன்னாலும் சொன்னபோது — வாயைத் திறக்கலையே. என்ன மனுஷி நான்? நாலு மாசம் திரும்பத் திரும்ப எரிச்சான். அதே எண்ணுதான் வந்துச்சு. அப்புறம் வர்றதையே நிறுத்திட்டான். கட்டுரை என் எண்ணோட மட்டும் வெளியாச்சு.

மதியச் சாப்பாட்டுக்கு என் எதிரில் உட்கார்ந்த ஒரே ஆள்.

ஜூலை 18

கைடு ஜெகதீசன் சாரிடம் சொன்னேன். பொறுமையாகப் பார்த்தார். தீசிஸில் புது எண்ணைப் போடு, வெளியான கட்டுரையை யார் திரும்பப் படிக்கப் போகிறார்கள் என்றார். திருத்தம் அனுப்பினால் தீசிஸ் ஒரு வருடமாவது தள்ளிப்போகுமாம். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

ஆவடியில் பஸ் பிடித்துப் பூந்தமல்லி போனேன். ஜமீர் அவன் மாமாவின் மெத்தைக் கடையில் இருக்கிறான். தாடியில் பஞ்சு. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். எதிர்க்குறியைப் பார்த்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். தையலை நிறுத்தினான்.

"அப்பவே தெரியுமா உனுக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு. சொல்லல."

ஊசியை மெத்தையில் குத்தி வைத்தான். "நான் என் கையத்தான் சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன், எழிலு. மூணு வருஷமா."

எனக்கு டீ வரவழைத்தான். அவன் குடிக்கவில்லை.

ஜூலை 24

அவன் அளவீடுகளைச் சேர்த்து, அவன் பெயரை முதலில் போட்டுத் திருத்தம் எழுதினேன். சம்மதமா என்று செய்தி அனுப்பினேன். "போட்டுக்கோ." அவ்வளவுதான் பதில். சாரும் ஒப்புதல் தந்தார். அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. பருத்திப்பட்டு ஏரியை இரண்டு சுற்று நடந்தேன். எல்லோரும் யாருடனோ வந்திருந்தார்கள்.

செப்டம்பர் 3

திருத்தம் வெளிவந்தது. தீசிஸ் அடுத்த வருடம்தான். ஜமீருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன். ஜமீர். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"தைமீனையும் தட்டையா வெச்சுத்தானே போட்டே? அத்த திரும்ப ஓட்டிப் பாத்தியா?"

தைமீன், டி.என்.ஏ.வில் யுராசிலின் இடத்தில் இருப்பது. கூடுதலாக ஒரு மீதைல் தொகுதி. இல்லை என்றேன். வளையம் மடங்கும்போது அந்த மீதைல் எந்தப் பக்கம் நிற்கும் என்று வாதாட ஆரம்பித்தோம். நாற்பது நிமிடம். மன்னிப்பை நானும் கேட்கவில்லை, அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வைக்கும்போது சொன்னான்: "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஊட்லதான் கீறேன். லேப்டாப்ப எடுத்துகினு வா."

சரி என்றேன். துணி பாதியில் கிடக்கிறது.