இரண்டு பை, ஒரு கேமரா

என் ஏகாம்பரம் மச்சானுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. செத்துப்போனவனிடம் என்ன நலம் விசாரிப்பது? உன்மேல் எனக்குக் கோபம். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது, இன்னும் தீரவில்லை. உயிரோடு இருந்திருந்தால் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து நாலு திட்டு திட்டி, ஒரு டீயில் முடித்திருப்பேன். இப்போது எழுதித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சேதி. உன் தங்கச்சி லோகுவுக்குக் கல்யாணம், மாங்காடு அம்மன் கோயிலில். மாப்பிள்ளைக்கு நசரத்பேட்டை, அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறார். நல்ல பையன், நம்மைப் போல வாய் கிடையாது. போட்டோவுக்கு நான்தான். வேறு எவனையாவது உள்ளே விடுவேனா?

கேமராவைத் துடைத்தாயிற்று, ஃபிலிம் வாங்கியாயிற்று. எந்தப் பையில் கொண்டுபோவது என்பதில்தான் வந்து நின்றேன். நம் ஸ்டுடியோச் சுவரில் இரண்டு ஆணி, இரண்டு பை. அந்த இரண்டாவது ஆணியை அடித்தவன் நீ.

ஆவடியில் மிலிட்டரி பழைய சாமான் விற்கிறவனிடம் அந்தக் காக்கிப் பையை நான் பொறுக்கி எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? "இன்னா மச்சான், சோல்ஜர் கணக்கா கீது" என்று மூக்கைச் சுளித்தாய். நான் குறுக்கே மாட்டிக் காட்டினேன். வார் அகலம், தோளை அறுக்காது. சைக்கிள் மிதித்தால் இடுப்போடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் வரும். நடுவில் கேமரா, பின்னால் ஃப்ளாஷ், பக்கத்து அறையில் ஃபிலிம் சுருள். உள்ளே பழைய கம்பளியை வெட்டி வைத்துத் தைத்தது என் பெண்சாதி. இந்தப் பக்கத்தில் வேறு எந்தப் போட்டோக்காரனிடம் அப்படி ஒரு பை இருந்தது, சொல்?

கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். நம்மை இரண்டுக்கும்தானே கூப்பிடுகிறார்கள்? நாற்காலியில் சாய்த்து, தாடையைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, எத்தனை பேரை எடுத்திருக்கிறோம். ஆயுசுக்கும் கேமரா முன்னால் நிற்காத கிழவருக்கெல்லாம் அந்தக் கடைசிப் படமே முதல் படம்.

அப்புறம் வந்தது அந்தத் திருவேற்காட்டுக் கல்யாணம். பெண்ணின் பெரியப்பன் பந்தலில் எல்லார் முன்னாலும் கையை நீட்டினான். "இன்னாபா இது? எங்க பங்காளி எழவுக்கு வந்த பையி இல்ல? இத்த எட்த்துகினு நல்ல காரியத்துக்கு வருவியா?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ கும்பிட்டுவிட்டாய். "தப்புதான் நைனா, இனிமே இப்பிடி ஆவாது." எதுடா தப்பு? அந்தப் பங்காளியின் படத்துக்குத்தானே அவர்கள் வீட்டில் விளக்கேற்றுகிறார்கள்?

மறுவாரமே பட்டணம் போய்த் தோல் பை வாங்கி வந்தாய். பளபளவென்று, பித்தளைக் கொக்கியோடு. பார்க்க ஜோர். ஃப்ளாஷ் உள்ளே போகாது, கையில்தான் தூக்க வேண்டும். வார் மெல்லிசு, முகூர்த்தம் முடிவதற்குள் தோளில் தழும்பு விழும். மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளே பூசணம் பூக்கும். "கல்யாணத்துக்குத் தோலு, சாவுக்குக் காக்கி" என்று ரூல் போட்டாய். சாவு வீட்டுக்குப் போன கேமரா காக்கியிலேயே திரும்ப வேண்டும், துடைத்த பிறகுதான் தோல் பைக்குள் போக வேண்டும்.

"ஏன்டா, ரெண்டுலயும் போறது ஒரே கேமராதானே? அதுக்கு இல்லாத தீட்டு பைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "கேமராவ அவங்க பாக்கறது இல்ல மச்சான், பையத்தான் பாக்கறாங்க. நமக்குப் பொழப்பு நடக்கணுமா வாணாவா?"

பொழப்பு நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஊரே உன் ரூலை மெச்சியது. உங்க அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

அப்புறம் உனக்குக் காமாலை வந்தது. நீ போய்விட்ட சேதி வந்தபோது கேமரா தோல் பையில் இருந்தது. மறுநாள் காலை ஒரு கல்யாணம். அப்படியே மாட்டிக்கொண்டு பாரிவாக்கத்தில் உங்கள் வீட்டுக்கு மிதித்தேன். உன்னை வாசலில் உட்காரவைத்து மாலை போட்டிருந்தார்கள். எவனுக்கும் நேராக உட்காரத் தெரியவில்லை என்று திட்டுவாயே, நீ நேராகத்தான் உட்கார்ந்திருந்தாய்.

பையைத் திறக்கப் போனேன். உங்க அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினார்கள். "டேய் கன்னியப்பா, கல்யாணப் பையவா எட்த்தாந்தே? நாளிக்கு ஒரு பொண்ணு தாலி கட்டிக்கப் போவுது. போய் அந்தப் பைய எட்த்துகினு வாடா."

"யம்மா, கேமரா ஒண்ணுதாம்மா. பைய வெளிய வெச்சிட்டு எடுக்கறேன்."

"திரும்பி அதுலதானே போவும்? எம்புள்ள வெச்ச வழக்கம்டா அது. அவன் சாவுலயே அத்த ஒடைப்பியா?"

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். நீ சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். பூந்தமல்லிக்கு, நம் ஸ்டுடியோவுக்குத் திரும்பி மிதித்தேன். காக்கிப் பையோடு வந்து சேர்ந்தபோது உங்கள் வாசல் காலி. மழை கட்டிக்கொண்டு வருகிறது என்று பெரியவர்கள் தூக்கிவிட்டார்கள். கன்னியப்பன் வரட்டும் என்று உங்க அம்மா கெஞ்சியதை எவனும் காதில் வாங்கவில்லையாம். சுடுகாட்டுக்கு ஓடினேன். அங்கே நெருப்புதான் இருந்தது.

ஆக, உனக்குப் படம் இல்லை. கடைசிப் படமும் இல்லை, முதல் படமும் இல்லை. "நம்ம மூஞ்சிக்கு எதுக்கு மச்சான் ஃபிலிம வீணாக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினவன் நீ. ஊரில் பாதிச் சுவரில் நீ எடுத்த முகங்கள் தொங்குகின்றன. உங்க அம்மா உன் சட்டையை ஆணியில் மாட்டி அதற்குப் பூ வைக்கிறார்கள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பெற்ற பிள்ளை பிணமாக இருக்கும்போது, யாரோ ஒரு பெண்ணின் தாலியை நினைத்தவர்கள். கோபம் உன்மேல்தான். அன்றைக்குக் கும்பிடாமல், "ஆமாய்யா, உங்க பங்காளிய எடுத்த அதே பைதான், இப்ப இன்னா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் நம்மைத் தூக்கிலா போட்டிருப்பான்? நாலு கல்யாணம் கைவிட்டுப் போயிருக்கும். போய்த் தொலையட்டுமே. உன் முகம் மிஞ்சியிருக்குமே, பாவி.

நேற்று உங்க அம்மா பத்திரிகை வைக்க ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். இரண்டு ஆணியையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எத்த மாட்டிகினு வரப்போறே?" என்று கேட்டார்கள். அவர்களே காக்கிப் பையை இறக்கி, தூசியைத் தட்டி, என் தோளில் மாட்டிவிட்டார்கள். "மாப்ள ஊட்ல எவனா கேட்டா என்னாண்ட அனுப்பு" என்றார்கள்.

அதனால் கேட்டுக்கொள் மச்சான். உன் இரண்டாவது ஆணியைப் பிடுங்கியாயிற்று. லோகு கல்யாணத்துக்குக் காக்கிதான். இனி நல்லதுக்கும் கெட்டதுக்கும் அது ஒன்றுதான், பொழப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும். குரூப் போட்டோவில் பெண்ணுக்குப் பக்கத்தில், அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில், சித்தப்பன் மகன் எவனாவது வந்து நிற்கப் பார்ப்பான். நிற்க விடமாட்டேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் எடுப்பேன். உன் படம் என்று உங்க அம்மா கையில் கொடுக்க, என்னால் ஆனது அவ்வளவுதான்.

ரத்த உறவில்லாவிட்டாலும் உன்னைத் திட்ட உரிமையுள்ள உன் மச்சான்,
கன்னியப்பன்