சேலைக்கு அடியில் வைத்த பத்திரம்

ஐப்பசி, வெள்ளி இரவு.

பரளச்சி ஊரில் உள்ள அப்பாவின் நிலத்தில் எனக்குள்ள பாதியை என் தம்பி ஏமாற்றிப் பறிக்கப் பார்த்தான். தீபாவளிச் சீர் என்று தட்டோடு வந்தான். சேலைக்கு அடியில் விடுதலைப் பத்திரம் இருந்தது. என் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

“பேங்குல லோனுக்கு இதக் கேக்குறாக அக்கா. நான் வேல பாத்த மில்லையும் மூடிட்டாக. சும்மா ஒரு கையெழுத்துதான்.”

“ஏலே, பள்ளிக்கூடம் போகாதவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? பஸ்ஸு போர்டப் பாத்தே படிச்சவ நான்.”

தட்டோடு திருப்பி அனுப்பினேன். அவன் வீட்டில் கஷ்டம்தான். அதற்காக மறைத்து வைப்பதா?

திங்களன்று என் மகள் அந்த நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். தம்பி சர்வேயரைக் கூட்டிவர வேண்டும். அளந்து கல் நட்டபின் என் பாதியையும் அவனே உழட்டும். ஆனால் வாய் திறந்து என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஏர் பூட்ட வேண்டும்.